வேலை கேட்டு நின்ற வாசல்கள்

தம்பி,

இந்நேரம் நீ குத்தாலம் போய் இறங்கி, மில்லில் கொடுத்த அறையில் பெட்டியை வைத்திருப்பாய். இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாய். "ஆள் எடுக்கறது இனிமே என் பொறுப்பும்மா. கேஸ் உள்ளவன், ஜெயிலுக்குப் போனவன் யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு மொதலாளி கண்டிசனா சொல்லிட்டாரு. நல்லா விசாரிச்சுதான் எடுக்கணும்." சொல்லி முடித்த பிறகுதான் உனக்கே உறைத்தது. சோற்றில் வைத்த கை நின்றுவிட்டது. நான் ரசம் ஊற்றினேன். போதும் என்றாய். அப்புறம் பஸ் நேரம், போர்வை, துவைத்த சட்டை என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருத்தமா என்று கேட்டால், அதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ பஸ் ஏறிப் போன பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது, எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். உள்ளே இருந்தபோது மற்றப் பெண்களுக்கெல்லாம் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, எழுத்து பழகியது. எனக்காக ஒன்று நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் ஜெயிலில் இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்போது நாம் வலங்கைமான் பக்கத்தில் இருந்தோம். சென்னையில் புது ஆட்சி வந்து, உழுகிறவனுக்கு நிலம், கூலிக்காரனுக்கு நியாயமான கூலி என்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் வயலுக்கு மட்டும் அந்தப் பேச்சு வந்து சேரவில்லை. அறுவடைக் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். மிராசுதார் ஒத்துக்கொள்ளவில்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார். கூடவே போலீஸ்காரர்கள் வந்தார்கள். நட்டது நாங்கள், களை எடுத்தது நாங்கள், அறுப்பதும் நாங்கள்தான் என்று நாங்களும் அரிவாளோடு வரப்பில் போய் நின்றோம். தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. யார் முதலில் தள்ளியது என்று இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

எனக்கு எதிரே ஒரு பையன் குனிந்து கதிரைப் பிடித்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நாங்களும் கூலிக்கு வந்தவங்கதான், வழிய விடுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன் கையில் இருந்தது நான் நட்ட பயிர். என் கையில் பல் வைத்த கருக்கரிவாள் இருந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அவனுடைய வலது மணிக்கட்டுக்கு மேலே பட்டது. அவன் கத்தவில்லை, அறுபட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெயர் கலியமூர்த்தி என்பது கோர்ட்டில்தான் எனக்குத் தெரிந்தது. அவன் என் புடவையைப் பிடித்து இழுத்ததாகச் சொல்லச் சொன்னார் வக்கீல். அப்படியே சொன்னேன். நீதிபதி நம்பவில்லை. அவர் நம்பாதது சரிதான். அவன் என்னைத் தொடவே இல்லை.

அப்போது நீ பால்குடி மறந்த பிள்ளை. நான் வெளியே வந்த அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு அப்பா ஜெயில் வாசலில் நின்றார். கீழே இறக்கி, "அம்மாடா, போ" என்றார். நீ அவர் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். உன்னைப் பார்த்ததும் கதறி அழுவேன் என்று உள்ளே இருந்தபோது நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. எதிரே நின்ற பஸ்ஸில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன்.  மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊருக்கு வந்தோம்.

நான் உள்ளே இருந்த காலத்திலேயே கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது. நாங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்தது. நடவு தொடங்கியிருந்தது. சேர்ந்து நடப் போகிற பெண்கள் கொத்துக்கு ஆள் சேர்ப்பது அஞ்சலை. வரப்பில் என் பக்கத்தில் கை கோத்து நின்றவள் அவள். காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் கிளம்பியபோது அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே, "நீ வராதடி" என்றாள். "நீ இருந்தா அந்தக் கொத்தே வேணாம்னு மிராசுதாரோட ஏஜெண்டு சொல்லிட்டான். உனக்காக ஒரு நாள் சண்ட போடலாம், ரெண்டு நாள் போடலாம். அப்பறம் எங்க அடுப்பு எரியணுமில்ல?" நான் சரி என்றேன். அவள் போகவில்லை. நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. "ஏதாவது சொல்லேன்டி" என்றாள்.  செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பட்டத்தில் ஊரில் இருந்த பெண்கள் எல்லோரும் புதுக் கூலி வாங்கினார்கள். நான் மட்டும் வாங்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது அது.

கும்பகோணத்துக்கு வந்தோம். அப்பா மார்க்கெட்டில் கைவண்டி இழுத்தார். நான் ஒரு பாத்திரப் பட்டறையில் சேர்ந்தேன். அச்சில் வார்த்த பித்தளைக் குடம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கிற வேலை. எங்கே இருந்தாய் என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, அம்மா வீட்டில் என்றேன். சில மாதம் ஓடியது. ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, என் பெயரைச் சொல்லி, இங்கேதான் வேலை பார்க்கிறாளா, ஒழுங்காக இருக்கிறாளா என்று விசாரித்தார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவர் போனதும் பட்டறைக்காரர் மனைவி உள்ளே வந்து விளக்குகளை எல்லாம் எண்ணச் சொன்னார். நான் திருடி ஜெயிலுக்குப் போனவள் இல்லை, ஒருவனை வெட்டிவிட்டுப் போனவள். ஆனால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தும் மறுநாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குச் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. "காபி சாப்புட்டுட்டுப் போம்மா" என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்த வாரம்தான் நீ சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தாய். உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. "அம்மா, ஜெயில்காரின்னா என்ன?" என்று கேட்டாய். "கையக் கழுவிட்டு வா, சாப்புடலாம்" என்றேன். நீ கழுவிவிட்டு வந்து சாப்பிட்டாய், திரும்பக் கேட்கவே இல்லை. அன்றைக்கு நான் உன்னை மடியில் உட்கார வைத்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று தெரியாமல் இல்லை. சொல்லத் தோன்றவே இல்லை. உன்னிடம் நான் செய்த பிழை என்று எதையாவது எழுத வேண்டுமென்றால் இதைத்தான் எழுதுவேன். நான் ஜெயிலுக்குப் போனதைவிட அது பெரிய பிழை.

மறைத்தது போதும் என்று, ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குக் கேட்டபோது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். "உண்மையச் சொன்னதுக்கு சந்தோஷம்மா. ஆனா இது பச்சப் புள்ளைங்க இருக்கற எடம்" என்றார். அதற்குப் பிறகு வெற்றிலை மண்டி, ஒரு மெஸ், ஒரு ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. சில இடத்தில் சொன்னேன், சில இடத்தில் சொல்லவில்லை. பெரும்பாலும் யாரும் விரட்டவில்லை. "நாளைக்கு வா" என்றுதான் சொன்னார்கள். மறுநாள் போனால், மறுநாளும் அதையேதான் சொன்னார்கள். இந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வாசல் நிழலாக இருக்கும், எங்கே நின்றால் தண்ணீர் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டதுதான். இதற்கு நடுவில், நீ ஐந்தாவது படிக்கும்போது, அப்பா நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். அதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. பக்கத்தில் நீதான் இருந்தாய்.

கடைசியில் போனது ஊருக்கு வெளியே ஒரு முஸ்லிம் பாய் நடத்திய அரிசி மில். நெல்லை அவித்துக் களத்தில் கொட்டுவார்கள். சிமெண்டுத் தரையில் அதைப் பரப்பி, காலால் கிளறிக்கொண்டே நடந்து காய வைக்க வேண்டும். அதற்குப் பெண் ஆள் எடுத்தார்கள். பாய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நெல்லைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை கேட்டதும், "நீ அந்த வலங்கைமான் கேஸு பொம்பளதானே?" என்றார். விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஆமாங்க என்றேன்.

"வெட்டுனது நெசமா?"

"நெசந்தாங்க."

"அவன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"அப்பறம் ஏன் வெட்டுன?"

"கோவங்க. அவன் மேல இல்ல. அவன்தான் கிட்டத்துல நின்னான்."

அவர் இன்னொரு நெல்லை எடுத்துக் கடித்தார். இத்தனை வருஷத்தில் "ஏன்" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். போலீசும் கோர்ட்டும் "எப்படி" என்று கேட்டார்கள். வேலை கொடுக்கிறவர்கள் "எப்போது வெளியே வந்தாய்" என்று கேட்டார்கள். பாய் சொன்னார்: "களத்துல வந்து நில்லு. ஆனா மத்தவங்களுக்குக் குடுக்கறதவிடக் கொறச்சுத்தான் குடுப்பேன். உனக்கு வேற எடம் கெடைக்காதுன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்." நான் அதற்கும் சரிங்க என்றேன்.

பாய் நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நோன்புக் காலத்தில் நமக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவார், உன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை துணி எடுத்துக் கொடுத்தார். ஆனால் ஏழு வருஷம் என் கூலியைக் குறைத்துத்தான் கொடுத்தார். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான். நீ அவரைப் போலக் கேள், அவரைப் போலக் கொடுக்காதே. உன் மில் வாசலில் ஒருவன் வந்து நின்றால், நாலு பேர் முன்னால் வைத்து விசாரிக்காதே. அவனை உட்கார வைத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேள். முடிந்தால் எடு. முடியாவிட்டால் முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு, நாளைக்கு வா என்று மட்டும் சொல்லாதே. உன் முதலாளி சொன்னதை மீறச் சொல்கிறேனா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை தம்பி. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நீ.

களத்தில் முதலில் யாரும் என் பக்கத்தில் நடக்கவில்லை. சாக்கு தைக்கிற இடத்தில் சணலை அறுக்க ஒரு சின்னக் கத்தி இருக்கும். அதை என் கையில் மட்டும் கொடுக்க மாட்டார்கள். நான் சணலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அதுவும் பழகிவிட்டது. பிறகு மெதுவாகப் பேசினார்கள், பிறகு வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். வருஷங்கள் போயின. சென்னையில் ஆட்சி மாறியது, மிராசுதார்கள் நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்கும் மெட்ராசுக்கும் போனார்கள். நான் களத்துப் பெண்களுக்குத் தலைமை ஆனேன். நெல்லுக்குக் காய்ச்சல் போதும் போதாது என்று சொல்வதும், புது ஆளைப் பார்த்து எடுப்பதும் என் வேலை என்று பாய் விட்டுவிட்டார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் பகலில், மில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். தலையில் பாதி நரை. "அக்கா, வேல எதுவும் இருக்குங்களா?" என்றார். குரலைக் கேட்டதும் அந்தக் கையைப் பார்த்தேன். வலது கை விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி அப்படியே நின்றிருந்தன. அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்களா" என்றார். அவ்வளவுதான். ஓடவும் இல்லை, ஏசவும் இல்லை. நிழலுக்கு வாங்க என்றேன். வந்து உட்கார்ந்தார்.

அவர்தான் பேசினார். அரிவாள் பிடிக்க முடியவில்லை, மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. மாடு மேய்த்தாராம், ஒரு தோப்புக்குக் காவல் இருந்தாராம். போகிற இடமெல்லாம் கையைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்பார்களாம். "உள்ளதச் சொன்னா, கூலிச் சண்டையில போனவனா, வம்பு புடிச்ச ஆளாட்டம் இருக்குன்னு வேணாங்கறாங்க. எங்கள மாதிரி கூலி ஆளுங்க, அடுத்தவன் சோத்தக் கெடுத்தவன்னு வேணாங்கறாங்க. அதனால மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுவேங்க" என்றார். நான் எந்த நாளை மறைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனேனோ, அதே நாளைத்தான் அவரும் மறைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அவர் பேரில் கேஸ் இல்லை, கையில் இருந்தது.

என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நாளைக்கு வாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கவில்லை. நான் கொஞ்ச நேரம் நெல்லைக் கிளறினேன். அப்புறம் போய்ப் பாயிடம், இன்னார் வந்திருக்கிறார், அவர்தான் அந்த ஆள் என்று சொன்னேன்.

பாய்க்கு முகம் மாறிவிட்டது. "வெட்டுனவளும் வெட்டுப்பட்டவனும் ஒரே களத்துலயா? வேணாம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தான் தலவலி."

"ஒண்ணும் ஆவாதுங்க."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா என்னையும் அனுப்பிடுங்க."

நீ அப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாய். அந்த மில்லை விட்டால் எனக்குப் போக இடம் இல்லை. அதைத் தெரிந்துதான் சொன்னேன். பெரிய மனதோடு சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. சொன்னபோது நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மழைக்குத் தார்ப்பாய் போதுமா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். பாய், "அவனும் ஒத்துக்கணும்ல" என்றார். பஸ் இன்னும் வரவில்லை. நான் வேகமாக நடந்து போய்க் கூப்பிட்டேன். காக்கை விரட்ட, களத்துக்குக் காவல் இருக்க, தார்ப்பாய் இழுக்க ஆள் வேண்டும் என்றேன். அவர் சிமெண்டுத் திண்டிலிருந்து எழுந்திருக்காமலே யோசித்தார். "ஒங்களுக்கு சங்கடமா இருக்காதுங்களா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன். "எனக்கும் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு என் பின்னால் வந்தார்.

நாலு வருஷம் ஒரே களத்தில் வேலை பார்த்தோம். காலையில் ஒரு வணக்கம்கூடக் கிடையாது. மேகம் வந்தால் கத்துவார், நாங்கள் ஓடுவோம். மற்றப் பேச்சு கிடையாது. யாராவது கையைப் பற்றிக் கேட்டால், நான் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெஷின் கதையைத்தான் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டே நான் சாக்கு தைப்பேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று நான் யோசித்ததில்லை.

போன கோடையில் செல்வி என்று ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். வாய் துடுக்கு. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். "அண்ணே, எந்த மெஷின்ல மாட்டுச்சு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எந்த மெஷின் என்று யாரும் கேட்டதில்லை. கலியமூர்த்தி கொஞ்சம் திகைத்துவிட்டார். பிறகு, "மெஷின் இல்லம்மா. கதிரு அறுக்கப் போன எடத்துல வெட்டிட்டாங்க" என்றார்.

"யாருண்ணே?"

"யாரோ. கூட்டம். மொகம் ஞாபகம் இல்ல."

நான் தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தேன். "நான்தான்" என்றேன்.

 சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. கலியமூர்த்தி என்னைப் பார்த்து, "அக்கா, அது எதுக்கு இப்ப" என்றார்.  அவர் செல்வி பக்கம் திரும்பி, மெதுவாக, "ஆமாம்மா. இவங்கதான்" என்றார். சொல்லிவிட்டு, மடங்கிய கையால் தண்ணீர்ச் செம்பை மார்போடு அணைத்துப் பிடித்துக் குடித்தார்.

ஸ்டேஷனில் கேட்டார்கள், சொன்னேன். கோர்ட்டில் கேட்டார்கள், பொய்யும் கலந்து சொன்னேன். ஆஸ்பத்திரியில், மண்டியில், பாய் மேஜைக்கு முன்னால் என்று வேலைக்காகச் சொன்னேன். யாரும் கேட்காமல், எதுவும் எதிர்பார்க்காமல் நான் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். சொன்ன பிறகு மனசு லேசாகவில்லை, பாரமாகவும் இல்லை. வெயில் நன்றாக இருந்தது. மதியத்துக்கு மேல் நெல்லை இரண்டு தடவை கிளறினோம்.

மறுநாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்க் களத்தில் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். செல்வியும் வந்தாள். கடைசியாகக் கலியமூர்த்தி, எல்லோருக்கும் டீ வாங்கி, டம்ளர் கூடையை இடது கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

அம்மா